இறக்கத்தில் வரும் சத்தம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் கச்சிராயபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பொன்னுரங்கத்தை நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே விரட்டி அடிக்கிற மனுஷன் அவர். இது அவருக்கு நடந்தது. போன ஐப்பசியில், பட்டப்பகலில்.

அவருடைய மகள் எழில்மதி நிறைமாதமாக இருந்தாள். புருஷன் ஜெயப்பிரகாஷோடு வெள்ளிமலையில் குடித்தனம். மறுநாள் காலை அவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும் என்று பொன்னுரங்கம் மலையேறிப் போயிருந்தார். அதற்கென்றே மாப்பிள்ளை பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஒரு பழைய ஹைபிரிட் காரை வாங்கிப் போட்டிருந்தார். வில்லங்கம் அந்தக் காரில்தான்.

“மாமா, மல எறங்கறப்ப மட்டும் டொக் டொக்குனு சத்தம் வருது. சீட்டே அதிருது. இன்னான்னு பாருங்க.”

“எறக்கத்துல பேட்டரிலதான ஓடும் மாப்ள? இன்ஜினே தூங்கிக்கினு இருக்கும். அது எப்படித் தட்டும்?”

“எனக்கு அதுல ஏறவே பயமா கீதுப்பா” என்றாள் எழில்மதி.

“இன்னா கண்ணு நீ! ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்.”

இன்ஜினைத் தாங்கும் ரப்பர், சைலன்சர், சக்கரம் என்று எல்லாவற்றையும் ஆட்டி அசைத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ஓட்டினால்தான் தெரியும் என்று தனியாகக் கிளம்பினார். மணி நாலு இருக்கும். மழை விட்டு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

இறக்கம் தொடங்கியதும் இன்ஜின் தானாக அணைந்தது. கார் ஓசையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார்.

மூன்றாவது வளைவு.

டொக்.

ஸ்டீயரிங்கில் அதிர்வு இல்லை. பிரேக்கிலும் இல்லை. அவர் முதுகில் இருந்தது.

டொக்... டொக்...

வேகத்தைக் குறைத்தார். சக்கரத்துச் சத்தமாக இருந்தால் குறைய வேண்டும். இது கூடியது. யாரோ குதிகாலால் சீட்டைப் பின்னாலிருந்து உதைப்பது போல இருந்தது.

கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் யாரும் இல்லை.

“அட, இன்னாடா இது!”

ஓரங்கட்டினார். இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கினார்.

கார் நின்றுவிட்டது. இன்ஜின் அசையவில்லை. ஆனால் சத்தம்...

டொக் டொக் டொக் டொக்!

தூக்கிய பானெட் மறைத்தது. காருக்குள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை.

டொக்...

...டொக்...

நின்றது.

பானெட்டை மூடினார். பின் கதவைத் திறந்தார். சீட் நீளவாக்கில் அமுங்கியிருந்தது, ஒரு ஆள் படுத்த அளவுக்கு. டிரைவர் சீட்டின் முதுகுப்பக்கம் கை வைத்துப் பார்த்தார்.

சூடாக இருந்தது.

காரை அங்கேயே போட்டுவிட்டு, மேலே போன பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டார். எழில்மதியை ஒரு ஜீப்பில்தான் கூட்டிவந்தார்கள். நல்லபடியாகப் பேத்தி பிறந்தாள்.

அவருக்கு மனசு ஆறவில்லை. காரை விற்ற சுபாஷைத் தேடி ரிஷிவந்தியத்துக்கே போய்விட்டார்.

“சத்தம் வருதுன்னு தெரிஞ்சேதான வித்தீங்க?”

சுபாஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப நாங்க வெள்ளிமலைலதான் இருந்தோம். என் பொண்டாட்டிக்கு வலி கண்டுச்சுங்க. பின்னாடி படுக்க வெச்சுக்கினு மல எறங்கினேன். மூணாவது வளைவுல சத்தம் வந்துச்சு. இன்ஜின்ல கோளாறுன்னு நெனச்சு, நிறுத்திட்டு பானெட்டத் தொறந்து பாத்துக்கினு இருந்தேன்... கூப்புட வாய் வராம அவதான் சீட்ட ஒதச்சிருக்கா. எனக்குப் புரியலைங்க.”

பொன்னுரங்கம் அவன் பக்கத்தில் நெருங்கி வந்தார்.

“சத்தம் எப்ப நின்னுச்சு?”

“நான் பானெட்ட மூடறதுக்கு முன்னாடியே... அவ மூச்சோட சேந்து.”

அந்தக் கார் இப்போது பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது. பின் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். பானெட்டை மட்டும் அவர் யாரையும் தொட விடுவதில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? போய்த் தூக்கிப் பாருங்கள்.