வாத்திமார் அணிக்கு நான் கோச்

கூடைப்பந்துக் கோச் எண்டா விசிலடிக்கிற வேலை எண்டு நினைச்சு வந்த ஆக்களில நானும் ஒருவன். உங்களிலயும் ஆரும் இருந்தா வாங்கோ, சேந்து அழுவம். ஒஸ்லோவில ஆசிரியராக வரப் படிப்பிக்கிற ஒரு கல்லூரியில முதன்முதலா ஆம்பிளையளுக்கு அணி துவங்கினவை. முழுக்கச் சோமாலிய, எரித்திரியப் பெடியள், அவையோட எங்கட தமிழ்ப் பெடியன் நிரோசன். முதல் வருசத்தில ஒரு மட்சாவது வெல்லாட்டி பழகிற மண்டபம் பறிபோகும் எண்டு முதலே சொல்லிப்போட்டினம்.

டுக்னாட்

அணிக்கு உடுப்பு வாங்கக் கல்லூரியிட்டக் காசு கேட்டன். டுக்னாட் செய்யுங்கோ எண்டினம், அதாவது எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யிற வேலை. ஓம், செய்வம் எண்டன். அடுத்த கிழமை ஒரு லொறி வந்து கல்லூரி வாசல் நிறைய டொய்லட் பேப்பரை இறக்கிப்போட்டுப் போகுது. இதை வித்துத்தான் இஞ்சை அணியள் உடுப்பு வாங்குறதாம்.

ட்வெய்ட்டாவில ஒரு தமிழ் வீட்டு மணியை அடிச்சன். கதவைத் திறந்த திருகோணமலை அக்கா என்னைப் பாத்தா, பின்னால மூட்டையோட நிண்ட நிரோசனையும் பாத்தா. ரெண்டு மூட்டை வாங்கிப்போட்டுத்தான் கேட்டா: "தம்பி, இவன் வாத்தியாராகப் படிக்கிறான் எண்டெல்லோ தாய் சொன்னவ?"

பிசின்

மண்டபத்தை எங்களுக்கு முன்னம் ஹேண்ட்போல்காரர் பாவிக்கிறவை. பந்து கையில நிக்க அவை பிசின் பூசுறதும், அது நிலத்தில ஒட்டிக் கிடக்கிறதும் எனக்கென்ன தெரியும்? முதல் மட்சில எங்கட நெடுவல் சாமுவேல் பாய்ஞ்சான். ஆள் மேல போக, சப்பாத்து ஒண்டு நிலத்திலயே நிண்டிட்டுது. சிரிக்கிறதோ குழறுறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. தோத்தம். மண்டபக் காவலாளியிட்ட முறைப்பட்டா, மனுசன் முகத்தில ஒரு அசைவில்லை: "இது ஹேண்ட்போல் நாடு. சப்பாத்தை இறுக்கிக் கட்டு."

கையை உயர்த்தினவன்

கடைசி மட்ச், லில்லெஸ்ட்ரோமில. மற்றதெல்லாம் தோத்தாச்சு. இதில ஒரு புள்ளியால முன்னுக்கு நிக்கிறம், இன்னும் சில செக்கன்தான். பந்து கோட்டுக்கு வெளியில போக, நடுவர் எங்களுக்கெண்டு காட்டினார். வெண்டிட்டம் எண்டு நான் கதிரையால எழும்பீட்டன். அப்ப பாருங்கோ, நிரோசன் வகுப்பில நிக்கிற மாதிரிக் கையை உயர்த்தி, கடைசியாத் தொட்டது தான்தான் எண்டு நடுவரிட்டச் சொல்லுறான். பந்து அவைக்குப் போச்சு. அவையின்ர பெடியன் ஒருத்தன் எறிஞ்சான், கூடைக்குள்ள விழுந்திட்டுது. தோத்தம்.

உனக்கென்ன விசரோ, மண்டபமெல்லோ போச்சு எண்டு அவனில பாய்ஞ்சன். அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "நான் ப்ராக்ஸிஸுக்கு, அதுதான் ஆசிரியப் பயிற்சிக்கு, படிப்பிக்கப் போற பள்ளிக்கூடத்தில பந்தெறிஞ்ச அந்தப் பெடியன் என்ர வகுப்பு, மாமா. நான் தொட்டதை அவன் கண்டவன். நாளைக்கு முதல் பாடம் அவைக்கு நான்தான்."

இப்ப நாங்கள் வெளிக்கோர்ட்டில பனியை வழிச்சுப்போட்டுத்தான் பழகிறம், எண்டாலும் என்ர மகளுக்கு அவன் வாத்தியாரா வந்தா குறை சொல்ல நான் வாயே திறக்கமாட்டன்.