இரும்புக் கம்பெனி முதலாளியம்மாவைப் பெருமாள் காப்பாற்றினார்

பெருமாளை நம்பியிருக்கிற அக்கா தங்கச்சிகளே, நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள்.

போன ஆடி மாதம் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்து, மேலோட்டமாகப் படித்தும் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் எனக்கு ஒரு பழைய இரும்புக் கம்பெனி இருக்கிறதாம். அதற்கு லட்சக்கணக்கில் ஜிஎஸ்டி வரி பாக்கியாம். இரும்பென்று எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு தோசைக்கல்லும் ஒரு களைக்கொட்டும்தான். சிரித்துக்கொண்டே கவரைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் அடுத்த கவர். இந்த முறை என் மகன் முனுசாமி பிரித்தான். முதல் நோட்டீசுக்குப் பதிலே வரவில்லை, பணம் கட்டாவிட்டால் நிலத்தை ஜப்தி செய்வோம் என்று இருந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் வயல். எங்களுக்கு இருப்பதே அதுதான்.

"இன்னாமா, எதுல கைநாட்டு வெச்ச?"

"எதுலயும் வெக்கலடா" என்றேன். அது பாதி நிஜம். மகளிர் லோன் வாங்கித் தருவதாக வந்த ஒருவனிடம் ஆதார், பான் கார்டு நகல் கொடுத்து, போனுக்கு வந்த நம்பரையும் சொல்லியிருந்தேன். மகனுக்குத் தெரியாமல்.

அதற்கப்புறம் உட்கார முடியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். பைக் சத்தம் கேட்டால் ஜப்தி ஆள்தானோ என்று கதவைச் சாத்துவேன். ஊரையே கேலி பேசுகிற வாய் சோற்றுக்குக்கூடத் திறக்கவில்லை.

கார்த்திகை அமாவாசைக்கு மகனோடு திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குப் போய், நோய் தீர வேண்டி எல்லாரும் வெல்லம் கரைக்கிற குளத்தில் நானும் கரைத்தேன். நோயைத் தீர்க்கிறவன் இந்த நோட்டீசையும் தீர்க்கக் கூடாதா என்று அழுதேன். வெல்லம் கரைகிறவரை படியிலேயே நின்றேன். மகனிடம் உள்ளதைச் சொல் என்று மனசுக்குள் வந்தது. என் புத்திக்கு அதெல்லாம் தோன்றாது. அவர்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். ஊர் வரும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கும்போது, "காலைல ரெடியா இரு, ஆபீசுக்குப் போலாம்" என்றான்.

வரி ஆபீசில் ஒரு அம்மா அதிகாரி. கம்பெனி ஆரம்பிக்க நான் கொடுத்ததாக, அந்த லோன்காரன் வாங்கிப்போன கார்டு நகல்களையும் ஒரு வாடகைப் பத்திரத்தையும் கம்ப்யூட்டரில் காட்டினார். கீழே என் பெயரில் இங்கிலீஷ் கையெழுத்து, அத்தனை அழகு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இவ்ளோ ஷோக்கா எழுத வந்தா நான் இன்னாத்துக்குமா சேத்துல நாத்து நட்டுக்கினு கீறேன்? நான் கைநாட்டும்மா."

அவர் சிரிக்கவில்லை. என் பேங்க் பாஸ்புக்கை வாங்கி, அதில் இருந்த ரேகையை நெடுநேரம் பார்த்தார். போலீசில் புகார் கொடுத்து, அங்கே தருகிற ரசீதோடு பதில் எழுதித் தரச் சொன்னார். முதல் கவருக்கே வந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை என்று திட்டவும் செய்தார். எனக்கு அது வேண்டியதுதான்.

இன்னும் நாலு தடவை நடந்தோம். பங்குனியில் உத்தரவு வந்தது. கம்பெனி என்னுடையது இல்லை, கட்டவேண்டிய வரியும் இல்லை. முனுசாமி வரப்பில் உட்கார்ந்து அழுதான். கேலி வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன்.

மூடியிருந்த என் வாயைத் திறந்துவிட்டது பெருமாள்தான். அந்த நன்றி சாகும்வரை இருக்கும். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தாள் வந்தால், அவரைக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே கிளம்புங்கள். ஆபீசுக்கு வழி தெரியாவிட்டால் நான் துணைக்கு வருகிறேன். டீயும் வடையும் உங்கள் செலவு.