காய்ச்சல் விட்ட பிறகும் கொசுவலைக்குள்

எண்பதுகளின் கடைசியில் பருத்திப்பட்டில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. ஒரிசாவில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்பிய கொஞ்ச நாளில் எங்கள் இருவருக்கும் குளிர்காய்ச்சல் கண்டது. நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

ரத்தத்தைப் பார்த்துவிட்டு மலேரியா என்றார் டாக்டரம்மா. அவர் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் விட்டது. கணவருக்கு மட்டும் இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். எனக்கு இல்லையா என்று கேட்டேன்.

"காய்ச்சலைக் கொடுக்கிற கிருமி செத்துடுச்சும்மா. ஆனா கொசு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவுற கிருமி ரத்தத்துல இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அதால உனக்கு ஒண்ணும் ஆகாது. அதைக் கொல்றதுக்குத்தான் அந்த மாத்திரை. வயித்துல பிள்ளை இருக்கறப்போ தரக் கூடாது. மறுபடி ரத்தம் பார்த்து நான் சொல்ற வரைக்கும், பொழுது சாய்ஞ்சா கொசுவலைக்குள்ள போயிடு."

அதுவரை கொசு நம்மைக் கடிக்காமலிருக்கத்தான் வலை என்று நினைத்திருந்தேன். இப்போது என் ரத்தம் கொசுவுக்குக் கிடைக்கக் கூடாது. கணவர் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வாசலில் காற்று வாங்க, நான் உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தேன். எரிச்சலாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையோடு எட்டிப்பார்த்தாள்.

"இன்னாக்கா, காச்சல்தான் வுட்டுப்போச்சே. இன்னாத்துக்கு இன்னும் உள்ளாறயே குந்திகினு கீறே?"

"என்னைக் கடிக்கிற கொசு நாளைக்கு உன் பிள்ளையைக் கடிச்சா அவனுக்கும் வந்துடும்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

சட்டென்று தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். பயந்துவிட்டாள், இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஊசியும் நூலுமாக வந்து நின்றாள்.

"வலை கால்மாட்டுல கிழிஞ்சிகீதுக்கா. அது வயியா பூந்துட்டா?"

அங்கேயே உட்கார்ந்து கிழிசலைத் தைத்தாள். அதன் பிறகு தினமும் மாலையில் வலைக்கு வெளியே பாயைப் போட்டு, கீரை ஆய்ந்தபடி பேசிக்கொண்டிருப்பாள். மாடித் தொட்டிக்கு மூடி போடச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் சண்டை போட்டதும் அவள்தான்.

ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. தை மாதத்தில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். எங்கள் வரிசையில் வேறு யாருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. வலையால்தானா, தெரியாது. வராத காய்ச்சலுக்குக் காரணம் யார் தேடப்போகிறார்கள்?