பாலத்து மணி

தண்ணீர் கேன் போடுவதற்காக, அடையாறு கடை ஒன்றில் பாரம் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள்கள் இரண்டை நானும் என் கணவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றில் பெட்டி முன்னால், மற்றதில் பின்னால். அவர் மணியை அடித்துப் பார்த்தார்.

அப்பா மீன் வண்டி வாங்கியபோதும் இதே பேச்சுதான். “முன்னாடி பெட்டி இருந்தா சரக்கு கண்ணுல படும்” என்றார். அம்மா விடவில்லை. “யோவ், பெட்டி பின்னாடி கீறதே எடு.”

விடியற்காலையில் அப்பா வண்டியை மிதித்துப் பாலம் ஏறும்போது, கூடைகளோடு பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா ஓசைப்படாமல் இறங்கித் தள்ளுவாள். வண்டியில் இருக்கும் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள். உச்சி நெருங்கியதும் அப்பா திரும்பாமலே மணி அடிப்பார். அம்மா ஏறிக்கொள்வாள். “ஒத்த ஆளா ஏத்திட்டேன், பாத்தியா!” என்பார் அப்பா.

எதிரே யாருமில்லாத பாலத்தில் அந்த மணி யாருக்காக என்று இப்போதுதான் உறைத்தது.

“பின்னாடி கீறதே எடுய்யா” என்றேன்.