ஜவுளிக்கடை வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

இந்த வருஷமும் ஆரம்பிச்சுட்டாங்கப்பா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பட்டு ஜவுளிக்கடை வாசல்ல மூணு மாடி உயரத்துக்குப் பச்சை பிளாஸ்டிக்கை நிமிர்த்திக்கினு இருக்காங்க. கிறிஸ்துமஸ் மரமாம். டிசம்பர்லயும் முதுகு வேர்க்கிற காஞ்சிபுரத்துல, கிளைக்குக் கிளை பஞ்சுப் பனி வேற! கிட்டப் போனா புது மழைக்கோட்டு நாத்தம்.

எங்க செவிலிமேட்டு மரத்துக்கு சவுக்கு வாசனை. ஒரு கிளையை வெட்டி, மண்ணு ரொப்பின எண்ணெய் டின்னுல நட்டு, தள்ளுவண்டியில ஏத்திடுவோம். சுவிட்சும் கிடையாது, மந்திரியும் கிடையாது. வண்டி எந்த வாசல்ல நிக்குதோ அந்த வீட்டுக்காரங்க ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைப்பாங்க. ரெண்டு தடவை மரமே பத்திக்கிச்சு, அது வேற கதை. வண்டிக்கு முன்னால எங்க ரோசி சித்தி பாடிக்கினு போகும். நெசவுக்காரங்க தெருவுல தறியை நிறுத்திட்டு, "இன்னொண்ணு பாடிட்டுப் போம்மா"ம்பாங்க. நான் ஜால்ரா. தாளம் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும்.

போன வருஷம் இதே கடைக்காரங்க மரத்துக்கு விளக்குப் போடற அன்னிக்குப் பாடச் சொல்லி சித்தியோட குழுவைக் கூப்பிட்டாங்க. மறுநாள் சித்திக்குத் தொண்டையில ஆபரேஷன். குரல் திரும்ப வருமான்னு சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். அதுக்காகவே எங்க வண்டியை முன்கூட்டி அன்னிக்குச் சாயங்காலமே கிளப்பறதா இருந்தோம். சித்தி கேக்கல. "ஒரே ஒரு தடவை ஊரே கேக்கப் பாடிடறேன்டா"ன்னுச்சு. வண்டியை விட்டுட்டோம்.

அங்க போனா, சுவிட்சை அமுக்க மந்திரி வர்ற வரைக்கும், கூட்டத்தைத் தடுக்கக் கட்டின கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்க வெச்சாங்க. வந்தார். ஒரு சால்வை, இன்னொரு சால்வை, அப்புறம் பட்டுச்சேலைக்குத் தள்ளுபடி அறிவிப்பு. ஏசு பேரை எவனாவது சொல்வானான்னு பார்த்தேன், ஊஹூம். சுவிட்சை அமுக்கினார், மரம் மின்னிச்சு, ஸ்பீக்கர் இங்கிலீஷ்ல அலறிச்சு. சித்தி மைக்குக்கிட்டப் போச்சு. கோட்டுப் போட்ட ஒருத்தன் மறிச்சான்.

"ஆன்ட்டி, டைம் இல்ல. மரத்துக்கிட்ட நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"பாட்டு எப்போப்பா?"

"அதான் பாட்டு ஓடிக்கினு இருக்குதே!"

சித்தி போய் நின்னுச்சு. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சுச்சு. தூ, இதுக்குப் பேரு விழாவா?

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சித்தி இப்போ பேசுது, என்னை நல்லாவே திட்டுது. பாட மட்டும் வரல. கடைசியா அது எப்போ பாடிச்சுன்னு யோசிச்சா, அன்னிக்குக் கடை வாசல்ல ஜெனரேட்டர் பின்னால ஒதுங்கி நின்னு, தொண்டையைச் சரிபண்ண ரெண்டு வரி பாடிப் பார்த்துச்சே, அதுதான். ஜெனரேட்டர் சத்தத்துல அதுகூட எனக்குச் சரியா கேக்கல.