இரண்டு பேருக்கான கூடாரம்

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புகளுக்கு வார்ப்பு உதிரிகள் செய்யும் ஒரு சின்னப் பட்டறையை முப்பத்தைந்து வருஷம் நடத்தினேன். பொறியியல் படித்தவன். மகன் பட்டறையை எடுத்துக்கொண்ட பிறகு எனக்குக் காலை நடையும் செய்தித்தாளும்தான் மிஞ்சின. பள்ளிக்கூட மைதானத்தில் ஐந்து பேர் சேர்ந்து நடப்போம். நான், என் சம்பந்தி, அவருடைய மைத்துனர், என் பங்காளிகள் இரண்டு பேர். எல்லாம் உறவு. ஆறாவதாக வந்து சேர்ந்தவர் வாத்தியார்.

அவர் அரசுப் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கிறிஸ்தவர். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். அவருடைய அப்பாவும் அம்மாவும் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். என் அப்பா தோட்டம் வைத்திருந்தவர். ஊர் பேர் விசாரித்துக்கொண்ட முதல் வாரத்திலேயே இது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. என்னைவிட நாலு வயது இளையவர். என்னை ‘அண்ணா’ என்று கூப்பிடுவார்.

இமயமலை யோசனை அவருடையது. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, கடைசி ஊரைத் தாண்டினால் ரோடு கிடையாது, போனும் எடுக்காது, நாலு நாள் ஏறினால் ஒரு கணவாய் வரும் என்று நடந்துகொண்டே சொல்லுவார். கணவாய்க்குக் கீழே ஒரு பனியாறு முடிந்து அங்கேயே ஒரு நதி தொடங்குகிறதாம். முப்பது வருஷத்துக்கு மேல் அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியவர், சென்னைக்கு வடக்கே போனதில்லை. அந்த இடத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

“தண்ணி எங்க ஆரம்பிச்சா என்னங்க வாத்தியாரே, நம்ம குழாய்ல வந்தாச் சரி” என்பார் சம்பந்தி. எங்கள் தெருவுக்கு அப்போது பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

சிரித்தாலும் ஆசை எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையின் ஆபீஸ் அறையில் கூடினோம். வரைபடத்தைத் துண்டு துண்டாக அச்செடுத்து, பசை நாடாவால் ஒட்டி, மேஜை முழுக்க விரித்துவைப்பார் வாத்தியார். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் நடக்கிற மாதிரி இடம் என்று எங்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். பத்தாயிரம் அடிக்கு மேலே போனதும் உடம்பு பழக ஒரு நாள் சும்மா இருக்கவேண்டும், பகலில் உயரம் தொட்டுவிட்டு ராத்திரி கீழே வந்து தூங்கவேண்டும் என்று நாள்வாரியாக ஒரு அட்டவணை போட்டார். மழை முடிந்து பனி தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் போவது என்று முடிவானது. அழைத்துப்போகிற நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியது நான். குழுவுக்குத் தலைவர் என்று என் பெயரைத்தான் கொடுத்திருந்தோம்.

பழகுவதற்காக முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு மருதமலைப் படிகளை ஏறி இறங்கினோம். பிறகு ஏழு மலை தாண்டிப் போகும் வெள்ளியங்கிரி சிவன் கோயில். வாத்தியார் கிறிஸ்தவராக இருந்தும் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு எங்களோடு வந்தார். ஒவ்வொரு மலை முடிவிலும் எங்களுக்காக உட்கார்ந்து காத்திருந்தது அவர்தான். ஆறாவது மலையில் நான் பாறையில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, அவர் சாதாரணமாக நின்று என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த மாதம் நிறுவனத்திடமிருந்து இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று மருத்துவச் சான்றிதழ்: ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் செய்து அனுப்பவேண்டும். இன்னொன்று கூடாரப் பட்டியல்: கூடாரம் ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கு, யாரோடு யார் என்று தலைவர் எழுதி அனுப்பவேண்டும்.

பரிசோதனைக்கு ஆறு பேரும் ஒரே நாளில் என் மனைவியின் அக்கா மகனுடைய மருத்துவமனைக்குப் போனோம். ரிப்போர்ட்டுகளை நானே வாங்கிவந்தேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், மாத்திரை போடவேண்டும் என்றான். மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று சொன்னான். வாத்தியாருடைய தாளை எடுத்தபோது சிரித்தான். ஆறு பேரில் நல்ல இதயம் இவருடையதுதான் சித்தப்பா, நாற்பது வயசுக்காரனுக்குக்கூட இப்படி இருக்காது என்றான்.

அன்று சாயங்காலம் சம்பந்தி என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார், பேத்தியைக் கொஞ்சினார், மழை பற்றிப் பேசினார். எழுந்து செருப்பைப் போடும்போது கேட்டார்.

“ஏனுங்க சம்பந்தி, டெண்ட்டு ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்குதாமாங்க. வாத்தியாரு ஆரு கூடங்க?”

இன்னும் எழுதவில்லை என்றேன்.

“நல்ல மனுசருங்க. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. ஒரு வாரம் ஒரே டெண்ட்டுல, ஒரே போர்வைக்குள்ள மாதிரி கிடக்கோணுமுங்க. நீங்க படிச்சவிக, பாத்து ஒரு முடிவு பண்ணுங்க.”

அடுத்த இரண்டு நாளில் மற்ற மூன்று பேரும் பேசினார்கள். ஒருவர் தனக்குக் குறட்டை என்றார், ஒருவர் கூச்சமாக இருக்கும் என்றார், ஒருவர் உடன் வருகிற அண்ணனை விட்டுப் படுக்கமுடியாது என்றார். யாரும் குரலை உயர்த்தவில்லை. சாதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ‘ங்க’ இருந்தது.

நான் அவரோடு படுப்பதாக எழுதியிருக்கலாம். ஒரு வரி. சம்பந்தி முகம் சுளித்திருப்பார், அவருடைய மகள் என் வீட்டு மருமகள், அதனால் தயங்கினேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கும் மனசு வரவில்லை. அவரோடு நடந்தேன், பையைத் தூக்கிக்கொள்ளவிட்டேன், ‘அண்ணா’ என்று கூப்பிட்டதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் பக்கத்தில் படுத்து எழ மட்டும் மனசு வரவில்லை. படித்த படிப்பு அந்த இடத்தில் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. பொய்யை நம்பும்படி சொல்லத்தான் உதவியது.

மறுநாள் காலை மைதானத்து சிமென்ட் பெஞ்சில் அவரை உட்காரவைத்து, டிரெட்மில்லில் சின்ன மாற்றம் தெரிகிறது, உயரத்துக்குப் போவது நல்லதில்லை என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். ரிப்போர்ட்டை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

“வெள்ளியங்கிரி ஏறும்போதுகூட எனக்கு ஒண்ணும் தெரியலீங்களேண்ணா” என்றார்.

“அதுதானுங்க அபாயம்ங்கறாரு. வெளிய தெரியாதாமாங்க.”

இந்த வாக்கியம் நான் முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை. அந்த நேரத்தில் வந்தது. சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். அவருடைய அப்பா மஞ்சக்காட்டில் வேலையாக இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவே இல்லை, அதற்கு முந்தின நாள்வரை ஒரு தலைவலிகூட இல்லை என்று அப்போதுதான் சொன்னார். அது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. நல்லவேளை முன்னாடியே தெரிந்தது என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிங்கண்ணா” என்று எழுந்துபோனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்கு வந்தார். ஐந்து பேருக்கு ஏற்றபடி அட்டவணையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்திருந்தார். பனியாற்றடியில் அரை நாள் என்பதை அடித்துவிட்டு, அந்த நேரத்தை எங்களுக்கு ஓய்வாகப் போட்டிருந்தார். என் ரத்த அழுத்தத்துக்கு அது தேவைப்படும் என்றார்.

நாங்கள் போகவில்லை. அந்த வருஷ மழையில் அந்தப் பக்கத்து ரோடு ஆற்றோடு போய்விட்டது. பூங்காவை மூடிவிட்டார்கள், நிறுவனம் வருத்தம் தெரிவித்து எழுதியது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சம்பந்தி. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வரைபடம் ஆபீஸ் அறையில் சுருட்டியபடி கிடந்து, மகன் வெள்ளையடித்தபோது போயிற்று.

பயணமே இல்லை என்றான பிறகு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டாக்டர் மறுபடி பார்த்தார், தவறு, ஒன்றுமில்லையாம் என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாத்தியார் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார். பார்க்காதபோது சொல்லவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அப்படித்தான் நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவருடைய மனைவி போன் செய்தார். இவர் மாடி ஏறுவதில்லை, கட்டிலைக் கீழே போட்டாகிவிட்டது, வண்டியை விற்றுவிட்டார், சர்ச்சில் எழுந்து நின்று பாடும்போதுகூட உட்கார்ந்துகொள்கிறார் என்றார். வேறு டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறாராம். தெரிந்து என்ன ஆகப்போகிறது, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வரும் என்கிறாராம்.

“டாக்டரு நெசமா என்னதானுங்கண்ணா சொன்னாரு?”

“பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி. பாத்து இருந்தாப் போதும்” என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்து, கழுத்தில் சதை தொங்கியது. வெள்ளியங்கிரியில் என் பையைத் தூக்கியவரா என்று நினைத்தேன். தண்ணீர் எடுத்துவர எழுந்தவர், நாற்காலியின் கையைப் பிடித்து, நின்று, மூச்சை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகுதான் நடந்தார். ஆரோக்கியமான ஒரு மனிதர் ஒவ்வொரு அடிக்கும் தன் நெஞ்சைக் கேட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. இந்த வருஷம் தொடக்கத்தில் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. இதயம் சரியில்லை என்று இவர் சொல்ல, கண் டாக்டர் இதய டாக்டரிடம் அனுப்பினார். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, உங்களுக்கு யார் அப்படிச் சொன்னது என்று கேட்டாராம் அந்த டாக்டர்.

அந்த வாரமே ஒரு காலையில் வாத்தியார் என் வீட்டுக்கு வந்தார். நடந்தே வந்திருந்தார். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். உங்கள் டாக்டர் தப்பாகப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது என்று சொல்லி எனக்கு ஒரு வழி வைத்துக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியில் போயிருக்கலாம். போகமுடியவில்லை. கூடாரப் பட்டியலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி கேட்டதைச் சொன்னேன். எனக்கே மனசு வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் பேசியபோது குரல் மாறாமல்தான் இருந்தது.

“டெண்ட்டுல எடமில்லைன்னு சொல்லியிருந்தா நானே வரலீன்னு சொல்லியிருப்பேனுங்களேண்ணா. அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தானுங்க. எதுக்குங்க எனக்கு ஒரு சீக்கைக் குடுத்தீங்க?”

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

“இதை எங்க ஊட்டுக்காரிகிட்ட நான் சொல்லமாட்டேனுங்க. பக்கத்துல படுக்க வைக்க மனசில்லாம உன்ற புருசனை நோயாளி ஆக்கிப்போட்டாங்கன்னு நான் எப்படீங்க சொல்லுவேன்? நீங்க ஊட்டுக்கு வந்து சொல்லோணும்.”

“வாரேனுங்க” என்றேன்.

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அவர் மறுபடி நடக்கிறார், வேறு மைதானத்தில். நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. போகவேண்டும் என்று சட்டை மாற்றிக்கொண்டு, வங்கிக்குப் போய்விட்டுத் திரும்பிவந்த நாட்கள் உண்டு.

நேற்று புதன்கிழமை, அவர்கள் தெருவரைக்கும் போனேன். அவருடைய மனைவி வாசலில் தள்ளுவண்டிக்காரரிடம் கீரை வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீரையை அப்படியே வண்டியில் வைத்துவிட்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

“கர்த்தரு இவருக்குச் சுகம் குடுத்துட்டாருங்கண்ணா. அந்த டாக்டரு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிப்போட்டாருங்க. அன்னிக்கு நீங்க கண்டுபுடிச்சுத் தடுத்தீங்க, அதனால மனுசன் பொழச்சாரு. வர்ற ஞாயித்துக்கெழமை சர்ச்சுல எந்திரிச்சு நின்னு, கர்த்தர் செஞ்சதை எல்லாருக்கும் சாட்சியாச் சொல்லப்போறேனுங்க. உங்களைப் பத்தியும் சொல்லுவேன். நீங்களும் அக்காளும் கண்டிப்பா வந்து உக்காரோணும்.”

வாத்தியார் உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. அவர் மனைவி பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

“சந்தோசமுங்க அம்மணி, வாரேனுங்க” என்றேன்.