செத்தவீட்டுக்கு வரவேண்டாம்

குருநகரில் கனிசியஸின் ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பினால் சனம் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வரும். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் கட்டிய ஓட்டோ. கோயில் திருநாளையும் அவர்தான் அறிவிப்பார் என்றாலும் பெரும்பாலும் கொண்டுவருவது சாவுச் செய்திதான். இன்னார் இறைபதம் அடைந்தார், நல்லடக்கம் இத்தனை மணிக்கு, உற்றார் உறவினர் நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். எங்கள் பக்கத்தில் அந்தக் கடைசி வரிதான் அழைப்பு. கலியாணத்துக்குப் போகாவிட்டால் ஒரு சாட்டுச் சொல்லித் தப்பலாம். செத்தவீட்டுக்குப் போகாதவரை அந்தக் குடும்பம் பேரப்பிள்ளை காலம்வரை மறக்காது.

கொரோனா வந்தபோது சுகாதாரப் பகுதியினர் இவரைத்தான் பிடித்தார்கள். வெளியே வரவேண்டாம், கூடி நிற்கவேண்டாம் என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லவேண்டும். முதல் நாளே காரியம் பிழைத்துப்போயிற்று. குரல் கேட்டதும் இருந்த சனம் முழுக்கத் தெருவுக்கு ஓடிவந்து, யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்து, ஆர் மோசம் போனது என்று கேட்டபடி ஓட்டோவைச் சூழ்ந்துகொண்டது.

"ஒருத்தரும் இல்லை, உள்ளுக்குப் போங்கோ," என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார் கனிசியஸ். "இப்பிடிக் கூடி நிண்டியள் எண்டால் நாளைக்கு உங்கடை பேரைத்தான் வாசிப்பன்."

சிரித்துக்கொண்டு கலைந்தார்கள்.

அடுத்த வருடம் சிரிப்பு நின்றுபோனது. ஒரு செத்தவீட்டால் கொரோனா வருத்தம் பரவி இரண்டு ஒழுங்கைகளை மூடினார்கள். அதன்பிறகு கனிசியஸ் அறிவித்தலின் கடைசி வரியை வாசிப்பதில்லை. வீட்டிலிருந்தே செபியுங்கள் என்று முடித்துவிடுவார். துக்கவீட்டுக்காரர் ஏசினார்கள். உன்ரை வீட்டிலை நடக்கேக்கை தெரியும் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னாராம். ரொறன்ரோவில் இருந்த எனக்கோ அவர்தான் ஒரே நம்பிக்கை. என் அக்கா லூர்த்தம்மா சீனி வருத்தக்காரி, அதாவது நீரிழிவு உள்ளவள், ஒரு செத்தவீடும் தவறவிடாதவள். நான் தொலைபேசியில் கெஞ்சுவேன். ஓம் ஓம் என்பாள். கனிசியஸ் கூப்பிடாமல் இருந்தால்தான் அவள் வீட்டில் நிற்பாள்.

வெளியே நடமாட முடியாத பயணத்தடை நாட்களில் கனிசியஸின் மனைவி யசிந்தாவின் அண்ணன் பிரகாஸ் மாரடைப்பால் இறந்தார். கடற்றொழிலாளி. சோதனையில் கொரோனா இல்லை என்று வந்ததால் உடலை வீட்டுக்குத் தந்தார்கள். அவர் தோள் கொடுக்காத சவப்பெட்டி அந்த ஊரில் குறைவு. வழமைபோல அறிவித்தால் ஊர் முழுக்கத் திரண்டுவிடும். யசிந்தா அதைத்தான் கேட்டாள்.

"ஆற்றை பெட்டியை அண்ணை தூக்கேல்லை? அவரை அனாதை மாதிரி நாலு பேரோடை அனுப்பப்போறியளோ?"

அந்த வரியைச் சொன்னால் எத்தனை வீட்டுக்கு வருத்தம் போகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் யசிந்தா அந்தக் குறையைச் சாகும்வரை சுமப்பாள், அவர் மேலும் சுமத்துவாள். கனிசியஸ் முற்றத்தில் நின்ற ஓட்டோவுக்குள் போய் இருந்தார். கனநேரத்துக்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகருக்கு அழைத்து ஒன்றே ஒன்று கேட்டார். அவர் யோசித்து, வாகனம் எங்கேயும் நிற்கக்கூடாது, ஒருவரும் தங்கள் வாசல் படலை தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு சம்மதித்தார்.

பின்னேரம் அறிவித்தல் போயிற்று. பிறப்பிடம், பெற்றோர் பெயர் எல்லாம் முறைப்படி வாசித்துவிட்டு, உற்றார் உறவினர் ஒருவரும் செத்தவீட்டுக்கு வரவேண்டாம் என்றார் கனிசியஸ். பிறகு கையிலிருந்த தாளை மடித்துவிட்டுப் பேசினார்.

"பிரகாஸ் அண்ணை உங்களிட்டை வாறார். அவரவர் படலைக்குள்ளை நிண்டு பாத்து, ஒரு செபம் சொல்லி அனுப்பிவிடுங்கோ."

ஓட்டோ முன்னால் போக, பெட்டியை ஏற்றிய வாகனம் பின்னால் ஊர்ந்தது. ஓட்டோவில் இருந்த யசிந்தா முதல் ஒழுங்கையில் தலை நிமிரவில்லை. இரண்டாவதில், காய்ந்துகொண்டிருந்த வலையை ஒதுக்கிவிட்டு ஒரு குடும்பமே வெள்ளையுடுத்துப் படலைக்குள் நின்றதைக் கண்டாள். வயதான ஒருத்தி மட்டும் கால் எடுத்துத் தெருவில் வைத்தாள். உள்ளுக்கு நில்லுங்கோ மாமி என்று கனிசியஸ் தாழ்ந்த குரலில் சொல்ல, காலை இழுத்துக்கொண்டாள். கைமட்டும் படலைக்கு வெளியே நீண்டபடி இருந்தது. யசிந்தா ஒவ்வொரு வீடாகப் பார்க்கத் தொடங்கினாள்.

"கொஞ்சம் மெதுவா விடுங்கோ," என்றாள்.

அடக்கம் செய்யச் சேமக்காலைக்குள் போனவர்கள் வீட்டுக்காரரும் கோயில் சுவாமியும்தான். அந்தச் செத்தவீட்டால் ஒருவருக்கும் வருத்தம் வரவில்லை. ஆனால் நான் நிம்மதியோடு அக்காவுக்கு எடுத்தபோது அவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா ஒழுங்கைக்கும் வந்தவராம். எங்கடைக்குத்தான் வரேல்லை. நாங்கள் என்ன, குறைஞ்ச ஆக்களோ?"

அவளுடையது நாலு வீட்டு ஒழுங்கை, பெட்டி வாகனம் நுழையாத ஒடுக்கம். அதைச் சொல்லிப் பார்த்தேன். பெட்டி போகாட்டில் ஓட்டோ போகும்தானே என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கனிசியஸுக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொன்னேன். வராதவர் மேல் கோபிப்பது ஊர் வழக்கம், இப்போது பிரகாஸே வராதவர் ஆகிவிட்டார் என்றார். மறுநாள் காலை யசிந்தாவை ஏற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியைக் கழற்றிவைத்துவிட்டு, அந்த ஒழுங்கைக்குப் போனார். இருவரும் முகக்கவசத்தோடு அக்காவின் படலைக்கு வெளியே நின்றார்கள்.

"அண்ணையை இதாலை கொண்டுவர ஏலாமல் போச்சுது. குறை நினையாதேங்கோ அக்கா," என்றாள் யசிந்தா.

படலைக்கு உள்ளே ஒருத்தியும் வெளியே ஒருத்தியுமாக அழுது தீர்த்தார்களாம். கனிசியஸ் முடிந்தது என்று நினைத்துத் திரும்பினால், மற்ற மூன்று வீட்டுக்காரரும் தங்கள் தங்கள் படலைக்குள் வந்து நின்றார்கள், யசிந்தா தங்களிடமும் வரும் முறைக்காக.